முதல் மேசையில் சொன்ன பெயர்

புளியங்கூடலிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகிறது என்றால் வீட்டில் முதலில் காசைப் பற்றித்தான் கதைப்பார்கள். காணியை ஈடு வைப்பதா, நகையை விற்பதா, சுவிஸிலிருக்கும் சித்தப்பா எவ்வளவு தருவார், மிச்சத்தைக் கனடா மாமா பார்ப்பாரா. பிறகு விமான நிலையத்துக்கு யார் வருவது, முதல் கிழமை எங்கே படுப்பது என்ற பேச்சு. கடைசி நாட்களில் மிளகாய்த்தூள் இடிபடும், ஒடியல்மா கட்டுப்படும், மகாமாரி அம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை நடக்கும். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் அடுத்த முப்பது வருடத்தைத் தீர்மானிக்கப்போகிற ஒரு பொருளை யாரும் எடுத்து வாசித்துப் பார்ப்பதில்லை. அலுமாரிக்குள் பொலித்தீன் பையில் மடித்து வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழைத்தான் சொல்கிறேன்.

புளியங்கூடல் சின்ன ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்காவற்றுறைப் பக்கம் நீளுகிற தீவில், சரவணை, நாரந்தனை, சுருவில் ஆகிய அயலூர்களோடு ஒட்டிக் கிடக்கிறது. பனையும் தோட்டமும் உண்டு, நல்ல தண்ணீருக்கு அலைச்சலும் உண்டு. பூட்டிக் கிடக்கிற வீடுகளும் கூரை விழுந்த வீடுகளும் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. அந்த வீட்டுக்காரர் இன்று ஸ்காபரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் சூரிச்சிலும் பரிஸிலும் இருக்கிறார்கள். இன்னும் போகிறார்கள். போகலாமா, இருக்கலாமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. போவது என்று முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்கும், போய் இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. அவற்றைச் சரியாகச் சொல்ல ஆளில்லாமல் தீவகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வருடக்கணக்காக வருந்தியிருக்கிறார்கள்.

ஊர் தரும், ஊர் தராது

ஊர் விட்டுப் போய்ப் பிழைப்பது தீவகத்தாருக்குப் புதிதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மலாயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1904இல் எழுந்த விவேகானந்தா ஆச்சிரமம் அப்படிப் போன இலங்கைத் தமிழர் கட்டியது. தீவகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் பலசரக்குக் கடையோ சாப்பாட்டுக் கடையோ வைத்திருக்கிற ஊர்க்காரர் ஒருவர் லீவில் வருவார். திரும்பிப் போகும்போது ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போவார். பெடியன் கடையிலேயே படுப்பான், சிங்களம் பழகுவான், கல்லாவில் இருக்கப் பழகுவான். சில வருடத்தில் இன்னொரு பட்டினத்தில் அவனுக்கு ஒரு கடை. 1983 ஜூலையில் அந்தக் கடைகள் எரிந்தபோதுதான் அந்த வழி அடைபட்டது. பிறகு 1990, 91இல் தீவகத்தில் படை நடவடிக்கைகள் நடந்தபோது ஊர்களே வெறித்துப் போயின.

கடைக்குக் கூட்டிக்கொண்டு போன அந்த ஏற்பாடு அப்படியே கடல் தாண்டிப் போயிற்று. இறங்கின அன்றே படுக்கப் பாய், சாப்பிடச் சோறு, கையில் ஒரு போன், இரண்டு கிழமையில் ஒரு வேலை என்று எந்த நாட்டு அரசாங்கமும் இவ்வளவு விரைவாகச் செய்து கொடுக்காததை ஊர்ச்சனம் செய்கிறது. எண்பதுகளில் ரொறன்ரோவுக்கு வந்தவர்கள் வெல்லஸ்லி, பார்லிமென்ட் வீதிப்பக்கத்து மாடிக் கட்டடங்களில் ஓர் அறைக்குள் ஐந்தாறு பேர் படுத்து எழும்பினார்கள். அங்கிருந்துதான் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் ஏஜக்ஸுக்கும் பரவினார்கள். இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் கொழும்புக் கடைக்குப் போன பெடியன் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. இன்று போகிற பிள்ளை முதல் நாளிலேயே, நித்திரை முறிந்து, பயந்து, ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பெயர், பிறந்த திகதி, குடும்பம், வந்த வழி, வந்த காரணம் எல்லாவற்றையும் சொல்லி ஒப்பமிடுகிறது. அங்கே சொன்னது கணினியில் இருக்கும். நான்கு வருடம் கழித்து மனைவியைக் கூப்பிடும்போதும் பத்து வருடம் கழித்துக் குடியுரிமை கேட்கும்போதும் அதை எடுத்துப் பார்ப்பார்கள். படுக்கையையும் சாப்பாட்டையும் ஊரிடம் கேளுங்கள். படிவத்தையும் அகதிக் கேஸையும் ஊரிடம் விடாதீர்கள். ஒரு மாமாவுக்கு 1988இல் சரிவந்த யோசனை இன்று சரிவராது, சட்டம் அத்தனை தடவை மாறிவிட்டது.

பெயரும் பிறப்பும்

நம்முடைய பெயர் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர், பிறகு பிள்ளையின் பெயர். ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம்: கந்தையா சிவகுமார். அங்கே போனதும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் கந்தையா போய் உட்காரும். டொக்டர் வீட்டிலும் வங்கியிலும் அவரை 'மிஸ்டர் கந்தையா' என்று கூப்பிடுவார்கள். அவருடைய மனைவி கல்யாணத்துக்குப் பிறகு சிவகுமார் மாலதி. பிள்ளை பிறந்தால் சிவகுமார் ஆரணி. ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், தாய்க்கும் பிள்ளைக்கும் வேறொன்று. இதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் மாலதியின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய தகப்பன் பெயர், விவாகப் பதிவில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம் என்று இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கணவன் மனைவி என்று நிரூபிப்பதற்கே மாதங்கள் போகும்.

இதற்கு ஊரிலேயே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எழுதிவிடுவார். சிவகுமாருக்கு 'எச்' வருமா வராதா, கந்தையாவுக்கு ஒரு 'டி'யா 'டிஎச்'சா என்று ஆளுக்கொரு மாதிரி. கடவுச்சீட்டை அவர் கையில் கொடுத்து, இதில் உள்ள எழுத்து பிசகக் கூடாது என்று சொல்லுங்கள். தாய் தகப்பன் பெயர்களையும் அப்படியே எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த திகதியில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. உடனே முடிகிற காரியமில்லை. ஆகவே டிக்கெட் வந்த பிறகு ஓடக் கூடாது. இடப்பெயர்வில் வீட்டுப் பிரதி தொலைந்திருந்தாலும் பதிவேட்டில் மூலம் இருக்கும். பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று எடுக்கலாம். யாரிடம் போவது, எந்தப் படிவம் என்று தொடங்குவதற்கு விதானையாரைக் கேட்டால் போதும். கல்விச் சான்றிதழை உறுதிப்படுத்தி எடுக்கிற வேலைக்கு யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு இயங்குகிறது. 2025 செப்டெம்பரிலிருந்து கடவுச்சீட்டு அலுவலகமும் அங்கே வந்துவிட்டது. கொழும்பு லொட்ஜில் நாள்கணக்காகக் கிடந்த காலம் போய்விட்டது.

உங்கள் பத்திரம் மட்டும் போதாது, தாயினுடையதும் வேண்டும் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். காரணம் இருக்கிறது. அமெரிக்கா ஊடாகத் தரைவழியே கனடாவுக்குள் போய் அகதிக் கோரிக்கை வைப்பவரைத் திருப்பி அனுப்புகிற உடன்படிக்கை 2004 முடிவிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2023 மார்ச் 25இலிருந்து அது எல்லை முழுவதற்கும் நீட்டப்பட்டு, ஒளித்து நுழைந்து 14 நாளுக்குள் கோரிக்கை வைப்பவரையும் பிடிக்கிறது. அதில் உள்ள முக்கியமான விலக்கு, கனடாவில் சட்டப்படி தகுதியான நெருங்கிய உறவினர் இருப்பது. அந்த உறவு வரிசையில் சகோதரமும் உண்டு, மாமா, மாமி, சித்தப்பா, மருமகனும் உண்டு. ஸ்காபரோவில் தாய்மாமன் இருக்கிறார் என்று வாயால் சொன்னால் எல்லை அதிகாரி எழுதிக்கொள்ளமாட்டார். உங்கள் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர், தாயின் சான்றிதழில் அவருடைய தாய் தகப்பன் பெயர், மாமாவின் சான்றிதழிலும் அதே தாய் தகப்பன் பெயர் என்று மூன்று கடதாசியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மம்மாவின் பெயர் ஒன்றில் அன்னப்பிள்ளை என்றும் மற்றதில் அன்னம்மா என்றும் இருந்தால் அந்த இடத்தில் உறவு அறுந்துபோகும். அதை இணைப்பதற்கு நள்ளிரவில் எல்லையில் நின்றுகொண்டு புளியங்கூடலுக்குக் கோல் எடுப்பதைவிட, ஊரில் இருக்கும்போதே ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருப்பது எவ்வளவோ நல்லது. எல்லாவற்றையும் படமெடுத்து, தான் மட்டும் திறக்கக்கூடிய மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்க வேண்டும். மூலப் பத்திரத்தை ஆள் அனுப்புகிற ஏஜென்சியின் கையில் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்க முடியாமல் நிற்கிறவர்கள் உண்டு.

மறைத்த மனைவி, காணாமல் போன அண்ணன்

குடும்ப விபரம் கேட்கிற படிவத்தில்தான் ஆகப் பெரிய கேடு நடக்கிறது. கல்யாணம் முடித்தவன் என்றால் கேஸ் பிழையாகிவிடும், தனி ஆள் என்று போடு என்று யாரோ சொல்வார்கள். பிள்ளையும் மனைவியின் பெயரை விட்டுவிடும். கனடாச் சட்டம் இதில் இரக்கம் பார்ப்பதில்லை. நிரந்தர வதிவிடம் எடுக்கும்போது சொல்லாமல் விட்ட துணைவரையும் பிள்ளையையும் பிற்பாடு குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாது என்று குடிவரவு ஒழுங்குவிதி 117(9)(ஈ) சொல்கிறது. அந்த விலக்கு ஆயுளுக்கும் நிற்கும். 2019 செப்டெம்பரில் அகதிகளுக்கும் வேறு சிலருக்கும் ஒரு சலுகைத் திட்டம் வந்தது. அதை நம்பி மறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், எல்லாருக்கும் அது பொருந்தாது. ஒரு பிள்ளை தகப்பனை வீடியோவில் மட்டும் பார்த்து வளர்வதற்கு, படிவத்தில் வெறுமையாக விட்ட ஒரு கட்டம் காரணமாக இருந்திருக்கிறது.

சகோதரங்கள் எல்லாரையும் எழுதச் சொல்வார்கள், இறந்தவர் உட்பட. தீவகத்தில் பல வீட்டில் இந்த இடத்தில் பேனை நின்றுவிடும். 1990இல் பிடித்துக்கொண்டு போன அண்ணனை எப்படி எழுதுவது? இறந்தவர் என்று எழுத அம்மா விடமாட்டா. இருக்கிறார் என்று எழுதினால் எந்த முகவரி? காணாமல் போனவர் என்றே எழுதுங்கள். எந்த ஆண்டு, எங்கே, யார் கொண்டு போனார்கள் என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கே பதிவாளர் சான்றிதழ் தருகிறார். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத தாய்மாருக்காக வந்தது அது. அதையோ, செஞ்சிலுவைக்கோ மனித உரிமை ஆணைக்குழுவுக்கோ அந்த நாளில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையோ வைத்திருந்தால் கூடவே கொண்டு போங்கள்.

சொந்தக் கதை

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகோட்டி கண்டு காப்பாற்றினார். கரைக்கு வந்ததும் இந்தியாவிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சில நாட்களில், அவர்களை ஏற்றி வந்த கப்பல் மேற்கு ஜேர்மனியிலிருந்து வெளிக்கிட்டது என்பது வெளியில் வந்தது, பத்திரிகைகள் சீறின. கனடா அவர்களை வெளியேற்றவில்லை. ஆனாலும் உயிர் தப்பி வந்தவர்கள் பொய் சொன்னவர்களாக நிற்க வேண்டி வந்தது. கடத்திக்கொண்டு வந்தவன் சொல்லிக்கொடுத்த வழியைச் சொன்னதால் வந்த பழி அது. அவர்கள் அனுபவித்த துன்பம் உண்மையாகவே இருந்தது.

அதற்கு முந்திய வருடம், 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, சிங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அகதி என்று கேட்பவரின் நம்பகத்தன்மை கேள்விக்கு வந்தால், கடதாசியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஆளை நேரே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று நீதியரசர் பெர்த்தா வில்சன் எழுதினார். 1989 ஜனவரியில் தொடங்கிய குடிவரவு அகதிகள் சபையின் ஹியரிங் அந்த உரிமையிலிருந்து பிறந்ததுதான். வாய் திறந்து உங்கள் கதையைச் சொல்ல ஒரு நாள் கிடைக்கிறது. அந்த நாளுக்கு இன்னொருவருடைய கதையைக் கொண்டு போவது பெரிய இழப்பு.

காசுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பவர்கள் எல்லா நகரத்திலும் உண்டு. அவர்கள் ஒரே கதையை ஊரையும் திகதியையும் மாற்றிப் பலருக்கும் கொடுப்பார்கள். விசாரிப்பவர் அந்தக் கதையைப் பத்தாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். விமான நிலையத்தில் சொன்னதும் எழுதிக் கொடுத்ததும் ஹியரிங்கில் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். போனில் உள்ள படமும் முகப்புத்தகமும் பார்க்கப்படலாம். நம்முடைய சனம் சம்பவங்களைத் திகதி வைத்து நினைப்பதில்லை. கோயில் கொடியேறின கிழமை, ஆடி அமாவாசைக்கு முதல்நாள், சின்னவள் பிறந்த வருசம் என்றுதான் சொல்லும். அப்படியே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், பஞ்சாங்கத்தைப் பார்த்து மாதத்தைப் பிடிக்கலாம். தெரியாத திகதியைத் தெரிந்ததுபோலச் சொன்னால் பிறகு அதைக் காப்பாற்ற முடியாது. மொழிபெயர்ப்பாளர் பேசுகிற தமிழ் விளங்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வெளியில் வந்து அழுவதில் பயனில்லை.

ஒன்ராறியோவில் வருமானம் இல்லாதவருக்கு அகதி வழக்குக்கு லீகல் எயிட் உண்டு. சட்டத்தரணியா என்பதைச் சட்டச் சங்கத்தின் பட்டியலிலும், குடிவரவு ஆலோசகர் என்றால் ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் கல்லூரியின் பட்டியலிலும் இலவசமாகப் பார்க்கலாம். சங்கக் கூட்டத்தில் கோட் போட்டு நின்றவர் என்பது தகுதியாகாது. கடிதத்தில் எந்த நாளுக்குள் படிவம் கொடுக்கச் சொல்லியிருக்கிறதோ அந்த நாள் கடைசி நாள். விசிட்டர் விசாவில் வந்து, பார்ப்போம் என்று இருந்துவிடுகிறவர்களுக்கு ஒன்று: நாட்டுக்குள் வந்து ஓராண்டு கடந்தபின் வைக்கிற கோரிக்கையைச் சபைக்கு அனுப்பாமல் விடுவதற்கான சட்டமூலத்தை 2025இல் கனடா அரசு நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. யோசிக்கிற வேலையைச் சட்டத்தரணியின் கந்தோரில் இருந்து யோசியுங்கள்.

பேஸ்மென்ட், சின் நம்பர், சம்பளம்

கோரிக்கை ஏற்கப்பட்டு விசாரணைக்குப் போனதும் கையில் கிடைக்கிற அகதிக் கோரிக்கையாளர் பத்திரம் பெரிய பொருள். கூட்டாட்சி அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் அதில்தான் ஓடுகிறது. ஒன்ராறியோவின் சுகாதார அட்டை வருவதற்கு முன்னரும் டொக்டரைப் பார்க்கலாம். குடிவரவு மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், அது முடியாமல் வேலை அனுமதி வராது. வேலை அனுமதி வந்ததும் சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம். தற்காலிகமாக இருப்பவர்களுக்கு அது 9இல் தொடங்கும், அனுமதி முடிகிற நாளோடு அதுவும் முடியும். வேலை கொடுப்பவருக்கும் வங்கிக்கும் வரிக்கும் தவிர அந்த இலக்கத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. வீட்டுக்காரருக்கும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஊர்ச்சனத்தைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவரின் பெயர் சுத்தமான பெயர், கடன் எதுவும் இல்லாத பெயர். அந்தப் பெயரில் ஒரு போன் லைன், ஒரு கிரெடிட் காட், ஒரு கார் எடுக்கலாமா என்று தெரிந்தவர்களே வந்து கேட்பார்கள். 'தம்பி, பேருக்குத்தான், காசு நான் கட்டுறன்' என்பார்கள். படுக்க இடம் தந்தவருக்கு எப்படி இல்லை என்பது? ஆனால் அவர் கட்டாமல் விட்டால் வங்கி உங்களைத்தான் தேடும். பிறகு வாடகைக்கு வீடு கேட்டாலும் இந்தக் கணக்கு வந்து நிற்கும். நன்றியைக் கையெழுத்தால் தீர்க்க வேண்டாம். சம்பளம் வந்ததும் வாடகைக் காசை மறக்காமல் கொடுங்கள், கடைக்குப் போய் வாருங்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வாருங்கள். சீட்டுக்கும் அதே கதை. ஏஜென்சிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது என்ற அவசரத்தில், நடத்துகிற தாச்சி யார் என்றுகூடத் தெரியாத சீட்டில் பெயர் கொடுக்கக் கூடாது.

பேஸ்மென்ட் வாடகைக்குப் போகும்போது தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா, புகை அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் வாங்கலாம். உடைவுக்கு என்று தனியாக வைப்புப் பணம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு பொதுவான ஒப்பந்தப் படிவம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம். ஊர்க்காரர் வீடு என்றால் கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் மாதாமாதம் ரசீதாவது வாங்குங்கள். பள்ளி, வங்கி, சமூக உதவி எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள்.

வேலை என்று வந்தால் 'காசுக்கு' வேலை செய்யச் சொல்லித்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஒக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டொலர். காசுக்குச் செய்கிற வேலையில் அதில் பாதியோடு நிற்கிறவர்களும் உண்டு. சம்பளத் துண்டு இல்லாத வேலைக்கு வேலையின்மைக் காப்புறுதி இல்லை, ஓய்வூதியப் பங்கு இல்லை. நாளை மனைவியைக் கூப்பிடும்போது வருமானம் காட்ட ஒன்றுமில்லை. வேலையிடத்தில் கை வெட்டுப்பட்டால் மட்டும், காசுக்குச் செய்தவர் என்றாலும், முறையிட உரிமை உண்டு. அதை மறைக்கச் சொல்லும் முதலாளிக்காகப் பயந்து மறைக்க வேண்டாம்.

மற்றவை விரைவாக. 211 என்ற இலக்கத்துக்கு எடுத்து 'தமிழ்' என்றால் மொழிபெயர்ப்பாளர் வருவார். உணவு, தங்குமிடம், சட்ட உதவி எங்கே என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு நிலை தீரவில்லை என்று எந்தப் பொதுப் பள்ளியும் மறுக்க முடியாது. பெரியவர்களுக்குப் பள்ளிச் சபை நடத்துகிற ஆங்கில வகுப்பு உண்டு. ரொறன்ரோ நூலகத்தில் தமிழ்ப் புத்தகமும் கணினியும் குடியேறியோருக்கு உதவும் பணியாளரும் இருக்கிறார்கள், அட்டை இலவசம். ஊரில் வாகனம் ஓட்டியவர் தன்னுடைய அனுபவத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமிருந்து கடிதமாக எடுத்துக்கொண்டு போனால் அங்கே ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்துக்குக் காத்திருக்கும் காலம் குறையும்.

வேறு நாடு என்றால் மேசை வேறு, விதி வேறு. பிரான்சில் ஒஃப்ரா என்ற அகதிகள் அலுவலகத்துக்குக் கொடுக்கிற படிவம் பிரெஞ்சில் இருக்க வேண்டும், அதற்கு 21 நாள்தான். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். பரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் இறங்கி விசாரித்துக்கொண்டு திரிய அந்த நாட்கள் காணாது. சுவிஸில் 2019 மார்ச்சிலிருந்து கூட்டாட்சி முகாமிலேயே இலவசச் சட்டப் பிரதிநிதி ஒருவரைத் தருகிறார்கள். அவர் அரசின் ஆள் என்று பயந்து அவரிடமே மறைப்பவர்கள் தங்கள் கேஸைத் தாங்களே குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்தானியாவில் ஜீபி என்கிற குடும்ப வைத்தியரிடம் பதிய முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயமில்லை. பராமரிப்பு வேலை விசாவுக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் யாராவது இன்னும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கிற அந்த வழியைப் பிரித்தானியா 2025 ஜூலையில் மூடிவிட்டது. எந்த நாட்டு வேலை என்றாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்து அந்த முகவருக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிடலாம்.

காணி

போகிற அவசரத்தில் ஊர்க்காணியை யாரும் நினைப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை தானாக நீங்கிவிடும், இரட்டைக் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பித்து எடுத்தாலொழிய. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வாரிசாக வருகிற காணிக்கு விலக்கு இருந்தாலும், வாரிசு என்று காட்டுவதற்கு மறுபடியும் கடதாசி வேண்டும். அம்மாவும் அப்பாவும் இருந்து, பிள்ளைகள் ஒருவர் லண்டனிலும் ஒருவர் பரிஸிலும் ஒருவர் ஸ்காபரோவிலும் என்றால், இரண்டு பரப்புக் காணிக்கு மூன்று நாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் வர வேண்டும். ஒவ்வொருவரும் லீவு எடுத்துத் தூதரகத்தில் ஒப்பமிட வேண்டும். அதில் ஒருவருக்கு இன்னும் வதிவிட அனுமதி வராமல் இருந்தால் அவர் இலங்கைத் தூதரக வாசலை மிதிக்கவே பயப்படுவார். அப்படிப் போவது தன்னுடைய கேஸுக்குப் பாதகமாகலாம் என்று அவருடைய சட்டத்தரணியும் சொல்லுவார். பிள்ளை வெளிக்கிடும் முன்னரே, எல்லாரும் ஒரு வீட்டில் இருக்கிற நாளில், உறுதியை எடுத்து நொத்தாரிசிடம் போய், எது யாருக்கு, தாய் தகப்பனின் சீவிய உரித்து எப்படி என்று எழுதி முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடலாம். ஏஜென்சிக்குக் கட்டுகிற காசோடு பார்த்தால் இந்தச் செலவு மிகக் குறைவு.